பணி முடங்கும் கட்டடங்கள்: தானியங்கிக் கட்டுப்பாட்டுக் கருவிகளின் பலவீனம் பற்றிய ஒரு பாடம்

பெரிய கட்டடம் ஒன்றினுள் நுழைவோர் அங்குள்ள குளிர்ச்சியையும் வெளிச்சத்தையும் உணர்கின்றனரேயன்றி, அவற்றை ஆளும் கருவிகளைக் காண்பதில்லை. ஃபால்ஸ் சீலிங் எனப்படும் உட்கூரைக்கு மேலும், பம்பு அறையின் சுவரிலும், மாடிப்படியின் கீழுள்ள இரும்புப் பெட்டிகளிலும் அவை பொருத்தப்பட்டுள்ளன. குளிர்நீரின் ஓட்டம், காற்றாடிகளின் வேகம், விளக்குகளின் நேரம், தண்ணீர்த் தொட்டியின் மட்டம் ஆகிய யாவும் அவற்றின் பொறுப்பில் உள்ளன. மருத்துவமனைகள், விமான நிலையங்கள், பரிசோதனைச்சாலைகள், பெரிய அலுவலகங்கள் ஆகியவற்றில் இன்று இவை இன்றியமையாதன ஆகிவிட்டன.

கட்டுப்படுத்தி அல்லது கண்ட்ரோலர் என வழங்கும் இக்கருவி ஒவ்வொன்றும் ஒரு சிறு கணிப்பொறியே. ஆகையால் கணிப்பொறிகளுக்கு உள்ள நோய்கள் இவற்றையும் பற்றக்கூடும். அந்நோய்களுள் ஒன்றை மட்டும் இக்கட்டுரையில் ஆராய்வோம். இதில் இரகசியம் எதுவும் திருடப்படுவதில்லை. கருவியின் எந்தப் பாகமும் உடைக்கப்படுவதில்லை. ஆயினும் கருவி தன் வேலையைச் செய்யாது நின்றுவிடுகிறது. இதற்குச் ‘சேவை மறுப்பு’ என்பது வழங்கிவரும் கலைச்சொல். பணி முடக்கம் என்றாலும் பொருந்தும். கட்டடங்களைப் பராமரிக்கும் களப் பணியாளர்களும், தொழிற்பயிற்சி நிலையங்களிலும் பள்ளிகளிலும் கற்பிக்கும் ஆசிரியர்களும் இதனை அறிந்திருத்தல் அவசியமாகும்.

1. ஆள்வதும் பேசுவதும்

குளிர்சாதன வசதியுள்ள ஒரு கூடத்தை எடுத்துக்கொள்வோம். கூடத்திலிருந்து திரும்பிவரும் காற்றின் உஷ்ணநிலையை உணர்கருவி அளக்கிறது. கட்டுப்படுத்தி அவ்வளவை 24 டிகிரி என்னும் குறித்த அளவோடு ஒப்பிடுகிறது. காற்று அதைவிட வெப்பமாக இருப்பின் குளிர்நீர் வால்வைச் சிறிது திறக்கிறது. குளிர்ச்சியாக இருப்பின் சிறிது மூடுகிறது. பின்னர் மீண்டும் அளக்கிறது. அளத்தல், ஒப்பிடல், இயக்குதல் என்னும் இம்மூன்றும் சேர்ந்தது ஒரு சுற்று. இச்சுற்று இரவும் பகலும் ஓயாமல் நடந்துவரவேண்டும்.

இஃதன்றிக் கட்டுப்படுத்திக்கு இரண்டாவது கடமை ஒன்றும் உண்டு. தான் அளந்ததை மேற்பார்வை அறையிலுள்ள கணிப்பொறிக்குத் தெரிவிக்க வேண்டும். அங்கிருந்து வரும் கட்டளைகளை ஏற்க வேண்டும். அண்டையிலுள்ள கருவிகள் கேட்கும் வினாக்களுக்கும் விடையளிக்க வேண்டும். முதற் கடமையை ஆள்தல் என்றும், இரண்டாவதைப் பேசுதல் என்றும் கொள்வோம்.

பல கருவிகளில் இவ்விரு கடமைகளையும் ஒரே செயலகமும் ஒரே சிறு நினைவகமும் செய்கின்றன. இவை விலை குறைவாகவும், சூடேறாமலும், பல்லாண்டு உழைப்பனவாகவும் இருக்க வேண்டும் என்னும் நோக்கத்துடன் அமைக்கப்பட்டவை. ஆதலால், மேசைக் கணிப்பொறிக்கு உள்ள வேகமும் நினைவகமும் இவற்றுக்கு இல்லை. பேச்சு அளவு மீறிப் பெருகினால் ஆள்வதற்கு நேரம் இராது. பேச வந்த செய்தி ஒன்று கருவியைத் திகைக்கச் செய்தால், ஆளும் வேலையும் உடன் நின்றுபோகும். பணி முடக்கத்தின் அடிப்படை இதுவே. பின்வருவன எல்லாம் இந்த அடிப்படையின் விரிவு என்று கொள்ளலாம்.

2. கருவிகள் பேசும் மொழி

முன்னாளில் ஒவ்வொரு தொழிற்சாலையும் தன் கருவிகளுக்கெனத் தனி மொழி ஒன்றை வகுத்திருந்தது. ஒரு நிறுவனத்தின் கருவி மற்றொரு நிறுவனத்தின் கருவியோடு பேச இயலாது. இக்குறையைப் போக்கும் பொருட்டு, அமெரிக்க வெப்ப, குளிர்சாதன, காற்றுப்பதனப் பொறியியலாளர் சங்கமாகிய ஆஷ்ரே 1987இல் ஒரு பொது மொழியை வகுக்கும் பணியைத் தொடங்கியது. 1995இல் அது ‘பாக்நெட்’ என்னும் பெயரில் தரநிர்ணயமாக வெளியாயிற்று. 2003இல் சர்வதேசத் தரமாகவும் ஏற்கப்பட்டது. இன்று உலகெங்கும் கட்டடங்களில் வழங்கும் முக்கிய மொழிகளுள் பாக்நெட் ஒன்று. ஐரோப்பாவில் கே.என்.எக்ஸ். என்பதும், தொழிற்சாலைகளில் 1979இல் பிறந்த மோட்பஸ் என்பதும் பரவலாக வழங்குகின்றன.

பாக்நெட் செய்திகள் பெரும்பாலும் இரு வகைப் பாதைகளில் செல்கின்றன. ஒன்று, அலுவலகக் கணிப்பொறிகளுக்கு உரிய ஈதர்நெட் கேபிள், மற்றொன்று, ஆர்.எஸ்.-485 என்னும் முறுக்கிய இரட்டைக் கம்பி. இரண்டாவதில், பேசும் உரிமைக்கு அடையாளமான ‘டோக்கன்’ ஒரு கருவியிலிருந்து அடுத்த கருவிக்குக் கைமாறிச் செல்லும். அது தன்னிடம் வரும்போதுதான் ஒரு கருவி தானாகப் பேச்சைத் தொடங்கலாம்.

இம்மொழி வகுக்கப்பட்ட காலத்தில் கட்டடத்தின் கம்பிகள் கட்டடத்திற்குள்ளேயே இருந்தன. கம்பியில் பேசுவோர் யாவரும் நம்மவரே என்று கொள்வதில் அன்று பிழை இருக்கவில்லை. ஆகவே, செய்தி அனுப்புவோர் யார், அவருக்கு அவ்வதிகாரம் உண்டா என்று வினவும் வழக்கம் நடைமுறையில் வேரூன்றவில்லை. பிற்காலத்தில் அதே கருவிகள் இன்டர்நெட்டுடன் இணைக்கப்பட்டன. வேலிக்குள் வளர்ந்த நம்பிக்கை வேலி அகன்ற பின்னும் நீடித்ததே இன்றைய அபாயத்திற்குக் காரணம்.

3. முடக்கம் நேரும் நான்கு வழிகள்

(அ) வெள்ளம். கருவியால் வாசிக்கக்கூடிய அளவைக் காட்டிலும் மிகுதியான செய்திகளை அனுப்புதல் முதல் வழி. ஒரு சிறு கணக்கு இதனைத் தெளிவாக்கும். ஆர்.எஸ்.-485 கம்பி விநாடிக்கு 38,400 பிட் வேகத்தில் இயங்குவதாகக் கொள்வோம். ஒவ்வொரு பைட்டுக்கும் தொடக்க, முடிவுக் குறிகள் உட்பட 10 பிட்கள் தேவை. ஆகவே விநாடிக்கு 3,840 பைட்களே செல்லும். 100 பைட் நீளமுள்ள ஒரு செய்தி செல்ல ஏறத்தாழ 26 மில்லி விநாடி ஆகும். டோக்கன் கைமாறும் நேரத்தைக் கணக்கில் கொள்ளாவிடினும், விநாடிக்கு 38 செய்திகளுக்கு மேல் செல்லா. இதற்கு மாறாக, விநாடிக்கு 10 கோடி பிட் வேகமுள்ள ஈதர்நெட்டில், மிகச் சிறிய செய்திகளாயின் விநாடிக்கு ஏறத்தாழ 1,48,800 செல்லக்கூடும். பெருங்கால்வாயின் நீரைச் சிறு வாய்க்காலில் திருப்பினால் என்ன நேருமோ அதுவே இங்கும் நேரும்.

பாக்நெட் மொழியில் ‘யார் உளர்?’ என்று பொதுவாகக் கேட்கும் வினா ஒன்று உண்டு. அதனைக் கேட்ட கருவிகள் அனைத்தும் ‘நான் இன்னார்’ என விடை கூறும். 200 கருவிகள் உள்ள கட்டடத்தில் ஒரு வினாவுக்கு 200 விடைகள் எழும். அவ்வினா விநாடிக்குப் பத்து முறை எழுப்பப்பட்டால் 2,000 விடைகள் எழ வேண்டும். கேட்பவன் சிறிது முயன்றால் போதும். எஞ்சிய சுமையைக் கருவிகள் ஒன்றன் மேல் ஒன்று ஏற்றிக்கொள்கின்றன.

(ஆ) பிழையுற அமைந்த செய்தி. இதற்கு வெள்ளம் தேவையில்லை; ஒரே செய்தி போதும். ‘இச்செய்தி 50 பைட் நீளமுள்ளது’ என்று தலைப்பில் குறித்துவிட்டு உள்ளே 500 பைட் வைத்தால், நீளத்தைச் சரிபார்க்காத கருவி தன் நினைவகத்தின் பிற பகுதிகளின் மேல் எழுதிவிடும், பின்னர் நின்றுபோகும். இத்தகைய குறைகள் அரிதல்ல. 2025 மே மாதத்தில் சீமென்ஸ் நிறுவனம் தன் அபோஜீ, டாலன் வரிசைக் கட்டுப்படுத்திகளில் கண்ட குறை ஒன்றை அறிவித்தது. ‘புதிய பொருளை உருவாக்கு’ என்னும் குறிப்பிட்ட பாக்நெட் வேண்டுகோள் ஒன்றை ஏற்ற பின்னர், அக்கருவி எவரும் கேளாமலே பொதுச் செய்திகளை வெளியிடத் தொடங்கும். அதனால் அக்கருவியின் பணி ஒரு பகுதி குன்றுவதோடு, அதே வலையிலுள்ள ஏனைய கருவிகளின் பேச்சும் தடைப்படக்கூடும். மின்விசையை நிறுத்தி மீண்டும் கொடுத்தாலன்றி அது பழைய நிலையை அடையாது.

(இ) வளங்களைத் தீர்த்துவிடுதல். ஒரு கருவி ஒரே நேரத்தில் ஏற்கக்கூடிய இணைப்புகளின் எண்ணிக்கைக்கும், அதன் நினைவகத்துக்கும் எல்லை உண்டு. இணைப்புகளைத் தொடங்கி முடிக்காமல் விட்டால் அவ்வெல்லை விரைவில் எட்டப்படும்; உரிமையுள்ள ஊழியர் இணைய முயலும்போது இடம் இராது. உள்நுழையும் வாயிலும் இவ்வாறே பலவீனமாக அமையலாம். ஜான்சன் கண்ட்ரோல்ஸ் நிறுவனத்தின் மெடாசிஸ் வரிசைக் கருவிகள் சிலவற்றில், சில சூழ்நிலைகளில் தவறான அடையாளச் சொற்களை உள்நுழைவாயிலுக்கு அனுப்புவதனாலேயே பணி முடக்கம் விளையும் எனக் கண்டறியப்பட்டது. சி.வி.இ.-2023-4486 என்னும் எண்ணுடன் 2023இல் அது பதிவாயிற்று, 11.0.6, 12.0.4 ஆகிய மென்பொருட் பதிப்புகளில் திருத்தப்பட்டது. பூட்டு திறக்கவில்லை, ஆயினும் தவறான சாவியைச் செலுத்தியதனாலேயே வீட்டிலுள்ளோர் வெளியே வரமுடியாமற் போயிற்று என்று இதனை விளக்கலாம்.

(ஈ) முறையான கட்டளையை முறைகேடாகப் பயன்படுத்துதல். பழுது பார்க்கும் வசதிக்காகப் பாக்நெட் மொழியிலேயே இரு கட்டளைகள் உள்ளன. ஒன்று கருவியைக் குறித்த காலம் பேசாதிருக்கச் செய்வது. மற்றொன்று கருவியை மீண்டும் தொடங்கச் செய்வது. இவற்றுக்குக் கடவுச்சொல் வைக்க வழியுண்டு எனினும் அது கட்டாயமன்று. வைத்தாலும், பழைய முறையில் அது மறைக்கப்படாமலே கம்பியில் செல்லும். இங்குக் கருவியில் பிழை ஏதும் இல்லை. அது தனக்கு இடப்பட்ட கட்டளையைப் பணிவுடன் நிறைவேற்றுகிறது. கட்டளையிட்டவர் யார் என்று கேட்கத் தெரியாமையே குறை.

4. பின்லாந்தில் நேர்ந்தது

இவையெல்லாம் ஏட்டளவில் உள்ள அபாயங்கள் அல்ல என்பதைக் காட்ட இரு நிகழ்ச்சிகளைக் கூறலாம். பின்லாந்து நாட்டின் கிழக்கு எல்லையை அடுத்து லாப்பீன்ராண்டா என்னும் நகரம் உள்ளது. 2016 அக்டோபர் இறுதியில் தொடங்கி நவம்பர் 3ஆம் நாள் வரை, அந்நகரின் இரு அடுக்குமாடிக் குடியிருப்புகளில் வெப்பமூட்டலையும் வெந்நீரையும் ஆளும் கருவிகள், இன்டர்நெட் வழியே வந்த செய்தி வெள்ளத்தால் முடங்கின. குளிர்காலம் நெருங்கி, நீர் உறையும் நிலைக்குக் கீழே உஷ்ணநிலை இறங்கும் காலம் அது.

கருவிகள் முடங்கிய விதம் கவனிக்கத்தக்கது. வெள்ளத்தைத் தாங்கமாட்டாத கட்டுப்பாட்டுக் கருவி, தன்னைத் தானே மீண்டும் தொடங்கிக்கொண்டது. தொடங்கியதும் வெள்ளம் மீண்டும் தாக்கியது, மீண்டும் தொடங்கியது. இச்சுழல் ஓயாமையால் வெப்பமூட்டும் வேலை நடைபெறவே இல்லை. கருவிக்கு வரும் செய்திகளின் அளவு கட்டுப்படுத்தப்பட்ட பின்னரே நிலைமை சீரடைந்தது.

மீண்டும் தொடங்குதல் என்பது பொதுவாக நன்மை தரும் ஏற்பாடு. கருவி திகைத்து நின்றுவிட்டால் அதனைத் தட்டி எழுப்புவதற்கென்று காவற் கடிகாரம் ஒன்று உள்ளே அமைந்திருப்பது வழக்கம். தற்செயலான பிழைக்கு அது மருந்தாகும். காரணம் நீங்காமல் தொடருமாயின் அம்மருந்தே நோயை நீட்டிக்கும். லாப்பீன்ராண்டா நமக்குக் கற்பிக்கும் முதற் பாடம் இதுவே.

5. ஜெர்மனியில் நேர்ந்தது

இரண்டாவது நிகழ்ச்சி 2021இல் ஜெர்மனியில் நடந்தது. ஓர் அலுவலகக் கட்டடத்தில் விளக்குச் சுவிட்சுகள், நடமாட்டத்தை உணரும் கருவிகள், சன்னல் திரைகளை இயக்கும் கருவிகள் ஆகியவற்றுள் ஏறத்தாழ முக்கால் பங்கு ஒரே சமயத்தில் செயலிழந்தன. அவை கே.என்.எக்ஸ். மொழியில் இயங்குவன. இன்டர்நெட்டுக்குத் திறந்துவிடப்பட்டிருந்த வாயில் ஒன்றின் வழியே நுழைந்தவர்கள், கருவிகளில் இருந்த செயல்முறையை அழித்துவிட்டு, அக்கருவிகளிலேயே பாதுகாப்புக்கென அமைந்திருந்த கடவுச்சாவி வசதியைக் கொண்டு அவற்றைப் பூட்டிவிட்டனர். கட்டடத்தின் உரிமையாளர் அச்சாவியை ஒருபோதும் வைத்திருக்கவில்லை. ஆகவே வந்தவர் வைத்த சாவியே சாவியாயிற்று. விளக்குகளை மின்சாரப் பெட்டியில் கையால் இயக்கவேண்டிய நிலை ஏற்பட்டது. பின்னர் ஆஸ்திரிய நாட்டுப் பாதுகாப்பு நிபுணர்கள் சில கருவிகளின் நினைவகத்தை ஆராய்ந்து அச்சாவியைக் கண்டெடுத்தனர்.

பாதுகாப்புக்கென அளிக்கப்பட்ட வசதியைப் பயன்படுத்தாமல் விட்டுவிடுவதும் ஓர் அபாயம் என்பது இரண்டாவது பாடம்.

6. விளைவும் தாமதமும்

கட்டுப்படுத்தி முடங்கியவுடன் கட்டடம் உடனே நின்றுவிடுவதில்லை. வால்வுகளும் டாம்பர்களும் கடைசியாக இருந்த நிலையிலேயே நிற்கலாம். அல்லது ஸ்பிரிங்கின் விசையால் முழுதும் திறக்கவோ மூடவோ செய்யலாம். தொற்றுநோயாளர் தனியறையில், அறையின் காற்று வெளித் தாழ்வாரத்துக்குச் செல்லாதிருக்க, அறையின் அழுத்தம் வெளியே உள்ளதைவிடச் சற்றுக் குறைவாக வைக்கப்படுகிறது. இவ்வேறுபாடு 2.5 பாஸ்கல் அளவே ஆயினும் இன்றியமையாதது. காற்றாடியின் வேகம் மாறின் அவ்வேறுபாடு மறையும். கண்ணுக்கு எதுவும் தெரியாது.

இதனினும் நுட்பமான தீங்கு ஒன்று உண்டு. பேச்சு நின்றுபோன கருவியிலிருந்து புதிய அளவு வராதபோது, மேற்பார்வைத் திரை கடைசியாக வந்த அளவையே காட்டிக்கொண்டிருக்கக்கூடும். திரையில் 24 டிகிரி என்றிருக்கும். அறையோ 33 டிகிரியை எட்டியிருக்கும். எனவே, திரையில் அளவைப் பார்ப்பதோடு அமையாமல், அவ்வளவு எப்போது வந்தது என்பதையும் பார்க்க வேண்டும்.

திருத்தம் ஏன் தாமதமாகிறது என்றும் கேட்கலாம். ஒரு காரணம், கட்டடக் கருவிகள் பதினைந்து, இருபது ஆண்டுகள் உழைக்கின்றன. அலுவலகக் கணிப்பொறிகளோ அதற்குள் பலமுறை மாற்றப்படுகின்றன. மற்றொரு காரணம், பல நிறுவனங்களின் கருவிகளுக்குள்ளே ஒரே அடிப்படை மென்பொருள் உறைந்திருப்பது. வலையில் பேசுவதற்குரிய மென்பொருளை ஒருவர் எழுத, பலர் அதனை வாங்கித் தம் கருவிகளில் அமைக்கின்றனர். வி.எக்ஸ்.வொர்க்ஸ் என்னும் இயக்க மென்பொருளின் வலைப்பகுதியில் 2019இல் 11 குறைகளும், நியூக்ளியஸ் என்பதன் வலைப்பகுதியில் 2021இல் 13 குறைகளும் வெளிப்பட்டன. அவற்றுட் பல பணி முடக்கத்துக்கு இடந்தருவன. விதை ஒன்றில் இருந்த நோய் விளைச்சல் முழுவதிலும் காணப்படுவதுபோல், ஒரு குறை பல நாடுகளின் பல கருவிகளில் ஒருங்கே தோன்றுகிறது.

முடக்கம் எப்போதும் பகைவராலேயே நேர்வதன்று என்பதையும் நினைவிற்கொள்க. ஒரே கேபிளின் இரு முனைகளையும் ஒரே சுவிட்சில் செருகுவதாலும், ஒரே எண்ணை இரு கருவிகளுக்குக் கொடுப்பதாலும், பொதுச் செய்திகளை வலைவிட்டு வலை கடத்தும் கருவியை ஒரே வலையில் இரட்டிப்பாக அமைப்பதாலும் வெள்ளம் உண்டாகலாம். பாதுகாப்புச் சோதனைக்கென வேகமாக வினாக்களை எழுப்பும் கருவியை ஓடுகின்ற கட்டடத்தில் பயன்படுத்தினாலும் பழைய கட்டுப்படுத்திகள் நின்றுபோகக்கூடும். எண்ணம் நல்லதாயினும் விளைவு ஒன்றே.

7. களப் பணியாளர் செய்யத்தக்கன

1) கட்டடத்திலுள்ள கட்டுப்படுத்திகள் அனைத்தையும், அவற்றின் இடம், தயாரித்த நிறுவனம், மாதிரி எண், மென்பொருட் பதிப்பு ஆகியவற்றோடு ஓர் ஏட்டில் பதிந்து வைக்கவும். எது உள்ளது என்று அறியாதவன் எதனைக் காக்க இயலும்?

2) எந்தக் கட்டுப்படுத்தியும் இன்டர்நெட்டுடன் நேராக இணைந்திருத்தல் கூடாது. பாக்நெட்டுக்கு உரிய 47808, கே.என்.எக்ஸுக்கு உரிய 3671, மோட்பஸுக்கு உரிய 502 ஆகிய வாயில் எண்கள் ரௌட்டரில் வெளியுலகுக்குத் திறந்துள்ளனவா என்று பார்க்கவும். தொலைவிலிருந்து பழுது பார்க்கவேண்டுமாயின், அடையாளம் சரிபார்க்கும் வி.பி.என். வழியே மட்டும் அனுமதிக்கவும். வேலை முடிந்ததும் அவ்வழியை மூடவும்.

3) கட்டுப்படுத்திகளின் வலையை அலுவலகக் கணிப்பொறிகளின் வலையிலிருந்தும், வருவோர் பயன்படுத்தும் வைஃபையிலிருந்தும் பிரித்து வைக்கவும். இரண்டுக்கும் இடையே ஃபயர்வால் அமைத்து, தேவையான செய்திகளை மட்டும் விடவும். சுவிட்சுகளில் பொதுச் செய்திகளுக்கு அளவு விதிக்கும் வசதி இருப்பின் அதனை இயக்கி வைக்கவும்.

4) கருவியுடன் வந்த தொடக்கக் கடவுச்சொற்களை மாற்றவும். வைக்கத்தக்க சாவிகள் அனைத்தையும் வைத்து, அவற்றை முத்திரையிட்ட உறையில் அலுவலகத் தலைவரிடம் ஒப்படைக்கவும். ஒப்பந்ததாரரிடம் மட்டும் சாவி இருத்தல் தகாது.

5) ஒவ்வொரு கருவியின் செயல்முறைக்கும் ஒரு பிரதி எடுத்து, வலையோடு தொடர்பில்லாத இடத்தில் வைக்கவும். ஆண்டுக்கு ஒருமுறையேனும் அப்பிரதியைக் கொண்டு ஒரு கருவியை மீட்டுப் பார்க்கவும்.

6) உயிர்காப்புக்குரிய பணிகள் வலையை நம்பியிருத்தல் கூடாது. தீ எச்சரிக்கையின்போது காற்றாடியை நிறுத்துவதும், கொதிகலனின் அழுத்தம் மிகுந்தால் நெருப்பை அணைப்பதும் நேரடிக் கம்பி இணைப்பாலேயே நிகழ வேண்டும். ‘கை – நிறுத்தம் – தானியங்கி’ என்னும் மூன்று நிலைச் சுவிட்சுகள் உண்மையில் வேலை செய்கின்றனவா என்று அவ்வப்போது சோதிக்கவும்.

7) புதிய கருவிகள் வாங்கும்போது, 2019இல் சேர்க்கப்பட்ட பாதுகாப்பான பாக்நெட் முறையை அவை ஏற்கின்றனவா என்று கேட்கவும். அம்முறையில் ஒவ்வொரு கருவியும் சான்றிதழ் காட்டியே பேச இயலும், பேச்சும் மறைக்கப்படுகிறது. அந்நியர் கட்டளையை இது தடுக்கும். ஆயினும் வெள்ளத்தைத் தடுக்கும் வேலி வேறாகத் தேவையே.

8. முடங்கிய வேளையில்

கருவி முடங்கியதாக ஐயம் எழுந்தால், முதலில் அது ஆளும் இயந்திரத்தைக் கைநிலைக்கு மாற்றி, மக்களுக்குத் தீங்கு நேராதவாறு செய்யவும். அடுத்து, வலைக் கேபிளைக் கழற்றி, கருவி தனித்து இயங்குகிறதா என்று பார்க்கவும். தனித்து நன்கு இயங்குமாயின் காரணம் வலையில் உள்ளது. இயங்காவிடின் கருவியில் உள்ளது. கேபிளைக் கழற்றாமல் மின்விசையை மட்டும் நிறுத்திக் கொடுப்பது லாப்பீன்ராண்டாவின் சுழலையே மீண்டும் உண்டாக்கும். நேரம், எச்சரிக்கை விளக்குகளின் நிலை, திரையில் கண்ட செய்தி ஆகியவற்றை உடனே குறித்துக்கொள்ளவும். மின்விசையை நிறுத்தினால் கருவியில் இருந்த சான்றுகள் அழியக்கூடும்.

நம் நாட்டில் இத்தகைய நிகழ்ச்சிகளை ஏற்று வழிகாட்டுவதற்கென 2004இல் நிறுவப்பட்ட தேசிய அமைப்பு செர்ட்-இன் ஆகும். 2022 ஏப்ரல் 28ஆம் நாள் அது வெளியிட்ட ஆணையின்படி, அரசு அலுவலகங்கள் உட்பட அமைப்புகள் யாவும், சேவை மறுப்புத் தாக்குதல் போன்ற நிகழ்ச்சிகளை அறிந்த 6 மணி நேரத்திற்குள் தெரிவிக்க வேண்டும். ‘ஏ.ஸி. பழுது’ என்று மட்டும் எழுதி ஏட்டை மூடிவிட்டால், அதே நாளில் வேறு பத்துக் கட்டடங்களிலும் அதுவே நேர்ந்தது என்பது எவருக்கும் தெரியாமற் போகும்.

9. ஆசிரியர்களுக்கு: ஒரு வகுப்புச் சோதனை

கணிப்பொறி இல்லாமலே இப்பாடத்தை நடத்தலாம். ஒரு மாணவர் கட்டுப்படுத்தியாக முன்னே அமரட்டும். ஐந்து விநாடிக்கு ஒருமுறை ஆசிரியர் ஓர் எண் எழுதிய அட்டையைக் காட்டுவார். எண் 24க்கு மேற்பட்டால் அம்மாணவர் வலக்கையை உயர்த்த வேண்டும். இல்லையெனில் தாழ்த்த வேண்டும். இடையில் எவரேனும் ‘நீ யார்?’ என்று கேட்டால், ‘நான் ஏழாம் எண் கருவி, நலமாக இயங்குகிறேன்’ என்று முழுமையாக விடை கூற வேண்டும்.

முதலில் ஒருவர் மட்டும் எப்போதாவது கேட்கட்டும், தவறு நேராது. பின்னர்ப் பத்துப் பேர் இடைவிடாமல் கேட்கட்டும். இருபது அட்டைகளுள் எத்தனை தவறின என்று எண்ணிக் கரும்பலகையில் எழுதுக. அடுத்து, இரு அட்டைகள் தொடர்ந்து தவறினால் ஆசிரியர் மேசையைத் தட்டுவார். மாணவர் எழுந்து ஒன்று முதல் இருபது வரை எண்ணிவிட்டே மீண்டும் அமர வேண்டும். இது காவற் கடிகாரம். கேள்விகள் நில்லாவிடின், எண்ணுவதே அவர் தொழிலாகிவிடுவதை வகுப்பு காணும்.

பிறகு ஒரு சீட்டைக் கொடுக்கவும். அதன் இரு பக்கங்களிலும் ‘மறுபக்கத்தில் உள்ளபடி செய்க’ என்று எழுதியிருக்க வேண்டும். சொன்னபடி செய்யும் மாணவர் சீட்டைத் திருப்பிக்கொண்டே இருப்பார். பிழையுற அமைந்த ஒரே செய்தி எவ்வாறு முடக்கும் என்பது இதனால் விளங்கும். முடிவில் விதியை மாற்றவும்: அட்டையே முதலில், இரு அட்டைகளுக்கு இடையே ஒரு கேள்விக்கு மட்டுமே விடை, சீட்டு எதையும் ஒரு முறைக்கு மேல் திருப்பலாகாது. மீண்டும் எண்ணிப் பார்க்கவும். நல்ல வடிவமைப்பு என்பது யாது என மாணவர் தாமே கூறுவர்.

வினாக்கள்

1. விநாடிக்கு 76,800 பிட் வேகமுள்ள ஆர்.எஸ்.-485 கம்பியில், 100 பைட் நீளமுள்ள செய்திகள் விநாடிக்கு எத்தனை செல்லலாம்?

2. மின்விசையை நிறுத்திக் கொடுத்ததும் சரியாகி, ஐந்து நிமிடத்தில் மீண்டும் நின்றுபோகும் கருவியில் நீவிர் முதலில் எதனைச் சோதிப்பீர்? ஏன்?

3. கடவுச்சொல் வலிமையாக இருந்தும் பணி முடக்கம் நேரக்கூடிய இரு வழிகளைக் கூறுக.

4. உமது பள்ளியிலோ அலுவலகத்திலோ உள்ள தண்ணீர்ப் பம்பு தானியங்கியாக இயங்குமாயின், அதனைக் கையால் இயக்கும் வழி எங்குள்ளது? அதனை அறிந்தோர் எத்தனை பேர்?

நான்காவது வினாவுக்கு விடை காண வகுப்பறையை விட்டு வெளியே செல்ல வேண்டும். சென்று பார்த்து, கண்டதைப் பம்பு அறையின் சுவரில் எழுதி வைத்தல் இப்பாடத்தின் கடைசிப் பயிற்சியாகும்.